சார்ல்ஸ் அகஸ்டின் டெ கூலூம்

சார்ல்ஸ் அகஸ்டின் டெ கூலூம் (ஜூன் 14, 1736 – ஆகஸ்ட் 23, 1806) ஒரு பிரெஞ்சு இராணுவப் பொறியாளரும் இயற்பியலாளரும் ஆவார். மின்னூட்டங்களுக்கு இடையேயான விசை பற்றிய கூலூம் விதிக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். பாறைகள் எவ்வாறு முறிகின்றன என்பதை விளக்கும் விதியும் இவருடைய பெயராலேயே வழங்குகிறது.

வாழ்க்கை

கூலூம் பிரான்சின் அங்குலேம் நகரில் பிறந்தார். மெசியேர் இராணுவப் பொறியியல் பள்ளியில் பயின்று 1761 இல் தேறினார். 1764 முதல் 1772 வரை கரிபியன் தீவான மார்ட்டினிக்கில் பூர்போன் கோட்டையின் கட்டுமானப் பணியை மேற்பார்வையிட்டார். அங்கு பலமுறை நோயுற்றதால் அவரது உடல்நலம் நிலையாகக் குன்றியது. 1781 இல் பிரெஞ்சு அறிவியல் கழக உறுப்பினரானார். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1793 இல் அக்கழகம் கலைக்கப்பட்டது. அதன்பின் சில காலம் புளோவா நகருக்கு அருகே வாழ்ந்தார். பாரிசில் காலமானார்.

முறிவு விதி

கோட்டைப் பணியில் பெற்ற பட்டறிவைக் கொண்டு எழுதிய கட்டுரையை 1773 இல் அறிவியல் கழகத்தில் அளித்தார். அது 1776 இல் வெளியானது. தாங்கு சுவர்களின் மீது மண் தரும் அழுத்தம், கல் தூண்களின் வலிமை ஆகியவற்றை அது ஆராய்ந்தது. ஒரு தளத்தின் வழியே கல் சறுக்கி முறிவதை இரண்டு காரணிகள் தடுக்கின்றன. ஒன்று, கல்லின் உட்பிணைப்பு, இது மாறாதது. மற்றொன்று, உராய்வு, இது அத்தளத்தைச் செங்குத்தாக அழுத்தும் விசைக்கேற்பக் கூடும். எனவே முறிவுத் தளம் அழுத்தத் திசைக்கு 45 பாகையை விடக் குறைந்த சாய்வில் அமைகிறது.

நிலவியலில் பயன்பாடு

ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ மோர் 1900 இல் இவ்விதியைப் பொதுமைப்படுத்தினார். இசுக்காட்லாந்து நிலவியலாளர் எர்னெஸ்ட் ஆண்டர்சன் 1905 இல் இக்கருத்தைக் கொண்டு புவியோட்டின் பிளவுப்பெயர்ச்சிகளை விளக்கினார்.

நுண்துளைகள் மிகுந்த மணற்கல்லில் இவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு. குறைந்த அழுத்தத்தில் அக்கல் கூலூம் விதிப்படி சறுக்கி முறிகிறது. மிகுந்த அழுத்தத்தில் மணிகள் நொறுங்கித் துளைகள் மூடிக்கொள்கின்றன. அழுத்தத்தைக் கூட்டினால் வலிமை கூடுவதற்கு மாறாகக் குறைகிறது. அப்போது அழுத்தத் திசைக்குச் செங்குத்தாக அமுக்கப் பட்டைகள் தோன்றக்கூடும்.

இத்தகைய கல்லில் பிளவுப்பெயர்ச்சி ஒரே வெடிப்பாகத் தொடங்குவதில்லை. அட்டிலா ஐடின் 1978 இல் அமெரிக்காவின் யூட்டா மாநில மணற்கற்களை ஆராய்ந்து இதனை விவரித்தார். முதலில் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள உருத்திரிபுப் பட்டை உருவாகிறது. அதனருகே மேலும் பல பட்டைகள் சேர்ந்து ஒரு வலயமாகின்றன. இறுதியில் அவ்வலயத்தின் ஓரத்தில் சறுக்குப் பரப்பு தோன்றுகிறது. மணிகள் நொறுங்கிய பட்டைகள் நிலத்தடி நீர், எண்ணெய் ஆகியவற்றின் ஓட்டத்தைத் தடுக்கக்கூடியவை.

சிறப்புகள்

மின்னூட்டத்தின் அனைத்துலக முறை அலகுக்குக் கூலூம் எனப் பெயரிடப்பட்டுள்ளது. ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களுள் இவருடைய பெயரும் ஒன்றாகும்.