சந்தேகப்பட்ட சீடர் தோமையார்

நம் பகுதியிலிருந்து பூந்தமல்லி, போரூர் வழியாகச் சென்னைக்குப் போகிறவர்கள் கத்திப்பாராவை நெருங்கும்போது பரங்கிமலையைப் பார்த்திருப்பார்கள். உயரம் சுமார் 300 அடிதான். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான புனித தோமையார் உயிர்விட்ட இடம் அது என்பது காலங்காலமாக வரும் நம்பிக்கை.

தோமா என்றால் அரமேய மொழியில் இரட்டைப் பிள்ளை என்று பொருள். நான்கு நற்செய்தி நூல்களில் மூன்று அவர் பெயரை மட்டுமே சொல்கின்றன. யோவான் நற்செய்தியில்தான் அவர் பேசுகிறார். யூதேயாவுக்குத் திரும்பினால் ஆபத்து என்று மற்றச் சீடர்கள் தயங்கியபோது, குருவோடு சாகவும் தயார் என்று முன்வந்தவர் அவர். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது வேறொன்றை. உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்ததாக மற்றவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை. காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப முடியாது என்றார். எட்டு நாள் கழித்து நேரில் கண்டதும் பணிந்தார். அதோடு சந்தேகத் தோமா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

வவுச்சர் இல்லாமல் வரவு வைக்க மாட்டேன் என்ற அவருடைய கண்டிப்பை அவர் கதைக்கே போட்டுப் பார்க்கலாம்.

3ஆம் நூற்றாண்டில் சிரியா மொழியில் எழுந்த தோமாவின் பணிகள் என்ற நூல், அவர் இந்தியா வந்ததைக் கதையாகச் சொல்கிறது. வர மறுத்த அவரைத் தச்சுவேலை தெரிந்த அடிமையாக ஒரு வணிகனிடம் இயேசுவே விற்றுவிடுகிறார். கொந்தபோரஸ் என்ற அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தைத் தோமா ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, சொர்க்கத்தில் அரண்மனை எழும்பிவிட்டதாகக் கணக்குச் சொல்கிறார். இப்படியொரு அரசன் இருந்தானா என்று அறிஞர்கள் ஐயப்பட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான், பஞ்சாப் பகுதிகளில் அவன் பெயர் பொறித்த காசுகள் கிடைத்தன. முதல் நூற்றாண்டில் ஆண்டவன்தான் அவன்.

கேரளக் கிறித்தவர் மரபு வேறு வழி சொல்கிறது. கி.பி. 52இல் கொடுங்கல்லூர்ப் பக்கம் இறங்கி, ஏழு இடங்களில் சபைகளை நிறுவி, பிறகு மயிலாப்பூர் வந்து, 72இல் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்கிறது. அவர் கால்வைத்ததற்கு அந்தக் காலத்துக் கல்வெட்டு எதுவும் இல்லை. ஆனால் பயணம் நடக்கக்கூடியதுதான். பருவக்காற்றைப் பிடித்து ரோமானியக் கப்பல்கள் மிளகுக்காக முசிறிக்கு வந்துபோன காலம் அது.

கல்லறை பற்றிய செய்திகளும் பழமையானவை. எலும்புகளை ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து எடெசா நகருக்குக் கொண்டுவந்ததாக 4ஆம் நூற்றாண்டிலேயே அங்கே நம்பினார்கள். அவை 1258இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்குப் போயின. 13ஆம் நூற்றாண்டின் முடிவில் மார்க்கோ போலோ, இந்தக் கடற்கரையில் உள்ள கல்லறைக்குக் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் வருவதையும், அங்குள்ள செம்மண்ணை மருந்தாக எடுத்துப்போவதையும் எழுதினார். பிறகு போர்த்துக்கீசியர் கல்லறைமேல் ஆலயம் எழுப்பினார்கள். அவர்கள் வைத்த பெயரே சாந்தோம். இன்றுள்ள பேராலயம் 1896இல் முடிந்தது. பரங்கிமலையில் 1547இல் தோண்டியபோது பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்துள்ள கற்சிலுவை கிடைத்தது. அது தோமையாருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. ஆனாலும் போர்த்துக்கீசியர் வருவதற்கு வெகு முன்பே இங்கே கிறித்தவர்கள் வாழ்ந்ததற்கு அதுவே சாட்சி.

கேட்டதையெல்லாம் அப்படியே அடுத்தவருக்கு அனுப்பிவிடும் வாட்ஸ்அப் காலத்தில் இவரை இன்னும் பிடிக்கிறது. சரிபார்க்கக் கேட்டார், சரியென்று தெரிந்தபின் பின்வாங்கவில்லை. மற்றவர் சொன்னதை உடனே நம்பாத அந்தச் சீடர்தான், மரபுப்படி, மிகத் தொலைவான நாட்டுக்கு வந்து உயிரையும் கொடுத்தவர்.

அவருடைய திருநாள் ஜூலை 3. மலைக்குப் போகிறவர்கள் படியேறும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளலாம்: அந்தப் படிகளை 1726இல் தம் செலவில் கட்டிக்கொடுத்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர்.