நூலிற் கோத்த பாட்டுக்கள்

பாட்டு இயற்றுவார்க்கு அதனைப் பிறர் கேட்டு மெச்சவேண்டும் என்னும் அவா இயல்பாகவே உண்டு. எம்போலும் பள்ளியாசிரியர் ஒரு வெண்பாப் புனைந்து அனுப்பிவிட்டால், அஃது அச்சேறி வருங்காறும் அஞ்சற்காரர் வரும் வழியையே நோக்கியிருப்போம். அவ்வாறின்றி, ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு பாட்டுக்களை இயற்றித் தம் அறையிலேயே வைத்து மறைந்த ஒரு பெண்மணியாரின் சரிதத்தை இத்திங்கள் எழுதப் புகுந்தோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில், மாசசூஸெட்ஸ் மாகாணத்து ஆமர்ஸ்ட் என்னும் சிற்றூரில், 1830-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ஆம் நாள் எமிலி டிக்கின்ஸன் அம்மையார் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், அவ்வூர்க் கல்லூரியின் பொருளாளர். அம்மையார் உள்ளூரிற் பயின்று, பின்னர் மவுண்ட் ஹோலியோக் என்னும் மகளிர் கல்விச்சாலையில் ஓராண்டளவு கற்று, இல்லம் மீண்டார். மணம் புரிந்திலர். நாளடைவில் வீட்டெல்லையைக் கடப்பதும் அருகிற்று.

இதனைக் கொண்டு, துயரால் நைந்து கதவடைத்துக் கிடந்தவர் என அவரைக் கருதுவாருளர். யாம் அங்ஙனம் கருதவில்லை. அவர் சுட்ட ரொட்டியையன்றிப் பிறர் சுட்டதைத் தந்தையார் விரும்பார். 1856-இல் ஊரிலே நடந்த கால்நடைக் கண்காட்சியில் அவருடைய ரொட்டி இரண்டாம் பரிசு பெற்றது. இஞ்சி சேர்த்த பணியாரத்தைக் கூடையிலிட்டுக் கயிற்றாற் சாளரத்தினின்று இறக்கி, அண்டை வீட்டுச் சிறுவர்க்கு அளிப்பார். இளமையில் நானூற்றுக்கு மேற்பட்ட மலர்களையும் இலைகளையும் உலர்த்தி ஏட்டில் ஒட்டிப் பெயர் எழுதி வைத்தார். இத்தகையாரை உலகை வெறுத்தவர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வேலைகளுக்கிடையே பாட்டும் பிறந்தது. கடிதவுறையின் பின்புறத்தும், மிட்டாய் சுற்றி வந்த தாளிலுங்கூடக் கைக்கு எட்டிய இடத்தில் எழுதினார். பின்னர் அவற்றுட் பலவற்றை நல்ல தாளிற் படியெடுத்து, தாள்களை மடித்து அடுக்கி, ஓரத்தில் ஊசியால் துளையிட்டு நூல் கோத்துக் கட்டினார். 1858 முதல் சற்றேறக்குறைய ஆறாண்டுகளில் இத்தகைய சிறு கட்டுக்கள் நாற்பது ஆயின. ஒரு சொல்லிற்கு வேறொரு சொல்லும் பொருந்துமெனத் தோன்றின், சிலுவைக்குறி இட்டுக் கீழே அதனையும் எழுதிவைத்தார். படிப்பார் எவரும் இல்லாத ஏட்டிற்குத் தாமே பாடபேதமும் குறித்த புலவரை யாம் வேறு அறியோம். அத்துணை நுட்பமாக உழைத்தது தம் உள்ளத்து உவகை ஒன்றற்கே.

ஆயினும், ஒருவருக்கும் காட்டாது ஒளித்தார் என்பது தவறு. அடுத்த வீட்டில் வாழ்ந்த தமையன் மனைவியாராகிய சூஸன் அம்மையாருக்கு இருநூற்றுக்கு மேற்பட்ட பாட்டுக்களை அனுப்பினார். 1862-இல் ஹிக்கின்ஸன் என்னும் எழுத்தாளருக்கும் நான்கு பாட்டுக்களை அனுப்பிக் கருத்து வினவினார். அவர் யாப்பு ஒழுங்கின்மையைச் சுட்டி, அச்சிடுவதற்கு விரையவேண்டா என்றார். அச்சிடும் எண்ணமே தமக்கு அயலானது என்று அம்மையார் விடை எழுதினார். பின்வந்த கடிதங்களில் மாணாக்கி எனக் கையொப்பமிட்டார். ஆசிரியர் சொன்ன திருத்தத்தை மட்டும் ஏற்றாரில்லை! இவ்வியல்பினரை எம் வகுப்பிலும் கண்டதுண்டு. அவருட் சிலரே கற்றவரும் ஆயினர்.

1866-இல் பாம்பைப் பற்றிய அவர் பாட்டொன்று ஒரு பத்திரிகையிற் பெயரின்றி வெளிவந்தது. மூன்றாம் அடியின் இறுதியில் இட்ட ஒரு நிறுத்தக்குறி பொருளையே கெடுத்துவிட்டதென ஹிக்கின்ஸனுக்கு எழுதி வருந்தினார். வாழ்நாளில் அச்சேறியவை பத்தளவே; அவற்றுள் ஒன்றிலேனும் அவர் பெயர் இல்லை.

1886-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் அம்மையார் காலமானார். தமக்கு வந்த கடிதங்களை எரிக்குமாறு தங்கை லவினியாரிடம் கூறியிருந்தார். தங்கையும் அவ்வாறே செய்தார். பாட்டுக்களைப் பற்றிய கட்டளை யாதும் இல்லை. பேழையில் அக்கட்டுக்களைக் கண்ட லவினியார், அவற்றை அச்சிட்டே தீர்வதென உறுதிபூண்டார். அதற்கு அம்மையார் உடன்பட்டிருப்பாரோ என்னும் ஐயம் எமக்குண்டு. எனினும், அத்தங்கை தீயிலிட்டிருப்பின் நாம் இழந்திருப்பது எத்துணை!

1890-இல் முதற்பதிப்பு வெளிவந்தது. பதிப்பித்த ஹிக்கின்ஸனும் மேபெல் டாட் அம்மையாரும் எதுகை இயைபுக்காகச் சொற்களை மாற்றினர், தலைப்பில்லாதவற்றிற்குத் தலைப்பிட்டனர், புலவர் இட்ட சிறுகோடுகளை நீக்கினர். ஒரு நிறுத்தக்குறிக்கே வருந்தியவர் இவற்றைக் கண்டிருப்பின் என் செய்திருப்பார்? உள்ளவாறு எல்லாப் பாட்டும் வெளிவர, தாமஸ் ஜான்ஸன் என்பார் 1955-இல் பதிப்பிக்குங்காறும் காத்திருக்க நேர்ந்தது. இதற்குள் கட்டுக்களின் நூலும் அறுபட்டு, தாள்கள் முறைமாறிக் கிடந்தன. பிராங்க்ளின் என்னும் அறிஞர், தாளின் கறைகளையும் அம்மையார் இட்ட ஊசித்துளைகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, எத்தாளின் பின் எத்தாள் என்பதைக் கண்டு, 1981-இல் அக்கையெழுத்தின் படத்தோடே அவற்றைப் பழைய முறைப்படி வெளியிட்டார்.