டெனிஸ் பேர்கிற் (1911 – 1993)

டெனிஸ் பேர்கிற் 1911 பெப்ரவரி 28 இல் அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள எனிஸ்கிலன் என்னுமிடத்தில் பிறந்தார். பதினொரு வயதில் கல்லெறி பட்டு வலது கண்ணை இழந்தார். டப்ளின் ரினிற்றிக் கல்லூரியில் பொறியியல் படிக்கச் சேர்ந்து, பின் மருத்துவத்துக்கு மாறி, 1935 இல் பட்டம் பெற்றார். ஒற்றைக் கண்ணர் என்பதால் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளின் மருத்துவ சேவைக்கு அவர் முதலில் அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. உலக யுத்தத்தில் இராணுவ வைத்தியராகக் கடமையாற்றிய பின்னர் 1946 இல் உகண்டா சென்றார். கம்பாலாவின் முலாகோ வைத்தியசாலையில் சத்திரசிகிச்சையாளராகப் பணிபுரிந்தார்.

1957 இல் சக வைத்தியர் ஹியூ ட்ரோவெல் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை அவரிடம் காட்டினார். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் இருபுறமும் வீக்கம். சாதாரண கிருமித்தொற்றோ கட்டியோ இவ்வாறு நான்கு இடங்களில் ஒருங்கே தோன்றுவதில்லை. சில வாரங்களின் பின் ஜிஞ்ஜா நகர வைத்தியசாலையில் அதே தோற்றமுடைய இன்னொரு பிள்ளையைக் கண்டார். ஒன்றாயின் விந்தை எனலாம். இரண்டாயின் அது ஒரு நோய். பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, தாடையில் கட்டியுள்ள பிள்ளைகள் பலருக்கு வயிற்றினுள்ளும் கட்டிகள் இருந்தமை தெரிந்தது. அதுவரை அவை வெவ்வேறு நோய்களாகவே எழுதப்பட்டிருந்தன. 1958 இல் அவர் இதுபற்றிய கட்டுரையை வெளியிட்டார். இது நிணநீர்க் கலங்களில் தோன்றும் புற்றுநோய் என்பதைச் சக நோயியலாளர்கள் நிறுவினர். அதுவே பேர்கிற் லிம்போமா எனப் பெயர் பெற்றது.

நோய் எங்கெங்கே உண்டு என அறிய, படங்களுடன் வினாக்கொத்துகளை ஆபிரிக்க வைத்தியசாலைகளுக்குத் தபாலில் அனுப்பினார். 1961 இல் இரு நண்பர்களுடன் பழைய வாகனமொன்றில் ஏறத்தாழ 10,000 மைல் பயணஞ்செய்து நேரிலும் விசாரித்தார். பத்து வாரப் பயணத்துக்கு ஆயிரம் பவுண்கூடச் செலவாகவில்லை. வரைபடம் கீறுவதை அலுப்பாக எண்ணும் மாணவர்கள் இவ்விடத்தைக் கவனிக்கவும். படத்தில் புள்ளிகளை இட்டபோது அவை மத்திய கோட்டின் இருமருங்கும் ஒரு பட்டியாக அமைந்தன. குளிரான உயர்நிலங்களிலும் வரண்ட பிரதேசங்களிலும் நோய் இல்லை. வெப்பமும் மழையும் மலேரியாவும் உள்ள இடங்களிலேயே அது காணப்பட்டது. நுளம்பு காவும் வைரசு ஒன்று காரணமாகலாம் என அவர் ஐயுற்றார்.

இந்த ஐயம் பாதி சரி. 1961 இல் லண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட அன்ரனி எப்ஸ்ரைன், உகண்டாவிலிருந்து கட்டித் துண்டுகளைப் பெற்று ஆராய்ந்தார். 1964 இல் எப்ஸ்ரைன், அச்சொங், பார் ஆகியோர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கண்ட புதிய வைரசை அறிவித்தனர். மனிதரில் புற்றுநோயுடன் தொடர்புபட்டதாக அறியப்பட்ட முதல் வைரசு அதுவே. ஆயினும் எப்ஸ்ரைன்-பார் வைரசை நுளம்பு காவுவதில்லை. அது உமிழ்நீரால் பரவுகிறது. அடிக்கடி வரும் மலேரியா உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குலைப்பதே நுளம்புக்குள்ள தொடர்பு.

காரணம் ஆராயப்பட்ட வேளையிலும் பிள்ளைகள் இறந்துகொண்டிருந்தனர். கத்தியால் பயனில்லை, தாடையை வெட்டினாலும் உள்ளே கட்டி வளர்ந்தது. முலாகோவில் கதிர்ச்சிகிச்சை வசதி இருக்கவில்லை. எனவே மெதொட்ரெக்சேற், சைக்கிளோபொஸ்பமைட், வின்கிறிஸ்ரின் ஆகிய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். சில பிள்ளைகளுக்கு ஓரிரு தடவை கொடுத்த மருந்துடனேயே முகவீக்கம் முற்றாக வற்றியது. பலருக்கு நோய் திரும்பியது. ஒரு பகுதியினர் நீண்டகாலம் உயிர் வாழ்ந்தனர். புற்றுநோயை மருந்தால் மட்டும் குணமாக்கலாம் என்பதைப் பெரும்பாலானோர் நம்பாத காலம் அது. சத்திரசிகிச்சையாளர் ஒருவரே கத்தியைக் கீழே வைத்து இதைக் காட்டினார் என்பதே இவரது வாழ்வில் முதன்மையானது என்பது எமது எண்ணம். இப்பணிக்காக 1972 இல் லஸ்கர் விருது பெற்றோருள் அவரும் ஒருவர்.

1966 இல் பிரித்தானியா திரும்பியபின் உணவிலுள்ள நார்ப்பொருள் பற்றி ஆராய்ந்தார். பொதுமக்கள் அவரை அதற்காகவே கூடுதலாக அறிந்திருந்தனர். 1993 மார்ச் 23 இல் இங்கிலாந்தில் காலமானார்.