மதுரையைப் பிடித்தார், மகனை இழந்தார்: யார் இந்த முதலாம் பராந்தகன்?

'டியூன்' படத்துல ஒரு கிரகத்துக்காக ரெண்டு குடும்பங்கள் மோதிக்கும்ல? 10-ம் நூற்றாண்டில் நம்ம தொண்டை மண்டலத்துக்கும் அதே கதைதான்.

907-ல் பட்டத்துக்கு வந்த சோழர் பராந்தகன், மதுரையைப் பிடித்தார். தோற்ற பாண்டியர் மணிமுடியோடு இலங்கைக்குத் தப்பினார். படை அனுப்பியும் அந்த முடி பராந்தகனுக்குக் கிடைக்கவில்லை. 949-ல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களோடு போர். மகன் ராஜாதித்தன் யானை மேலேயே உயிரை விட்டார். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது.

ஆனால், அவர் ஆட்சியில் 919, 921-ல் உத்திரமேரூர் சபை கல்லில் வெட்டிய குடவோலை விதிகள் இன்னும் இருக்கு. நிலமும் வேதக் கல்வியும் உள்ள, 35 முதல் 70 வயது ஆண்களுக்கு மட்டுமே வாய்ப்பு. அதேசமயம், பதவியில் இருந்து கணக்கு காட்டாதவர் பெயரையும், அவரோட நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் போடவே கூடாது.

அந்தப் பக்கம் போனா, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்க.