டி.வி.எஸ். வாழ்வு தந்த கணக்கு

எங்கள் வீட்டில் ஒரு லாரி இருந்தது. சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் என் தந்தையார், டீசலும் ஓட்டுநர் படியும் போக மிஞ்சிய பணத்தை இலாபம் என்று அம்மாவின் கையில் கொடுப்பார். ஒரு மழைக்காலத்தில் ஆறு டயர்களும் ஒருசேரத் தேய்ந்துபோயின. கடன் வாங்கினோம்; கடனை அடைக்க லாரியையே விற்றோம். விடுபட்ட கணக்கு எது என்பதை, வணிகவியல் மாணவனான பின்பு, திரு. டி. வி. சுந்தரம் அய்யங்கார் அவர்களின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

1877-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடியில் அவர் பிறந்தார். வழக்கறிஞராகவும், பின் இரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றியவர், நிலையான சம்பளத்தை விட்டு 1911-இல் மோட்டார்த் தொழிலில் இறங்கினார். 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டினார்.

அக்காலத்தில் வண்டியும் உதிரிப்பாகமும் கடல் கடந்து வரவேண்டும். ஒரு பாகம் உடைந்தால் வண்டி நிற்கும்; வண்டி நின்றால் வருமானமும் நிற்கும். மதுரையை நிலைக்களனாகக் கொண்டு வளர்ந்த அவரது நிறுவனம் பேருந்து, லாரிகளோடு நில்லாமல், உதிரிப்பாக விற்பனை, பழுதுபார்ப்பு, தேய்ந்த டயருக்குப் புதுமுகம் தரும் ரீட்ரெடிங் எனப் பராமரிப்பையே தனித்தொழிலாக்கியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, வண்டிகளுக்கு எரிவாயுக் கலம் செய்து கொடுத்தது. 1955-இல் அவர் மறைந்தார்.

இனி எங்கள் கணக்குக்கு வருகிறேன். ஆறு டயர்களின் விலை 1,20,000 ரூபாய், அவை 60,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் தேய்கிறது. மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் 16,000 ரூபாய் டயருக்குரியது. எண்ணெய் மாற்றுதல், பிரேக், என்ஜின் பிரித்து வேலை பார்த்தல் ஆகியவற்றையும் இவ்வாறே கிலோமீட்டருக்கு வகுத்து, நடைதோறும் ஒதுக்கவேண்டும். பல லாரிகள் உடையோர் வண்டிக்கொரு ஏடு வைத்தால், எந்த வண்டி வருமானத்தை விழுங்குகிறது என்பதும் புலப்படும்.

என் தந்தையார் சோம்பேறியல்லர், ஊதாரியுமல்லர். டயருக்குரிய பணத்தைக் குடும்பத்துக்குரியது என நம்பினார், அவ்வளவே. இன்று அவர் பிறர் லாரியை ஓட்டுகிறார். மீண்டும் ஒரு லாரி எங்கள் வாசலில் நிற்கும் நாளில், அதன் முதல் நடைக்கு முன்பே அதற்கான ஏட்டை நான் திறந்து வைத்திருப்பேன்.