நிக் டிரேக்

நிக் டிரேக் (ஜூன் 19, 1948 – நவம்பர் 25, 1974) ஓர் ஆங்கிலேயப் பாடகர், பாடலாசிரியர், கித்தார் கலைஞர் ஆவார். இவர் வெளியிட்ட மூன்று இசைத்தொகுப்புகளும் இவர் வாழ்ந்த காலத்தில் மிகக் குறைவாகவே விற்றன.

இளமை

பர்மாவின் ரங்கூனில் பிறந்தார். இவரது குடும்பம் பின்னர் இங்கிலாந்தின் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்னும் சிற்றூரில் குடியேறியது. தாய் மோலி வீட்டில் பியானோ வாசித்துத் தாமே பாடல் இயற்றியவர். மகனின் இசையில் அவரது சாயல் தெளிவாகவே தெரிகிறது. கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்ற டிரேக், பட்டம் பெறாமலே வெளியேறினார்.

இசை வாழ்க்கை

ஜோ பாய்டின் தயாரிப்பில் ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட் (1969), பிரைட்டர் லேட்டர் (1971) ஆகியவை வெளிவந்தன. டிரேக் பாடலுக்குப் பாடல் கித்தார் தந்திகளின் சுருதியை மாற்றி அமைப்பவர். இசைத்தட்டில் அது தனி நாதத்தைத் தந்தது. மேடையிலோ ஒவ்வொரு பாடலுக்கும் இடையே நீண்ட மௌனமாக முடிந்தது. கூச்ச இயல்பினரான இவர் அந்த இடைவெளியில் அவையோருடன் பேசவும் மாட்டார். 1970க்குப் பின் கச்சேரிகளை ஏறக்குறைய கைவிட்டார். கச்சேரி இல்லாததால் இசைத்தட்டுகளுக்கு விளம்பரமும் இல்லாமற் போயிற்று.

பிங்க் மூன் (1972) இரண்டே இரவுகளில் பதிவானது. தலைப்புப் பாடலில் வரும் சிறு பியானோ இசையைத் தவிர, அதில் இவரது குரலும் கித்தாரும் மட்டுமே உள்ளன. மொத்தம் சுமார் 28 நிமிடங்கள்.

மறைவும் பின்னரும்

மனச்சோர்வு நோயால் அவதியுற்றுப் பெற்றோர் இல்லத்துக்கே திரும்பிய டிரேக், அங்கேயே 26ஆம் வயதில், மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டதால் இறந்தார். விசாரணை அதைத் தற்கொலை எனப் பதிந்தது. குடும்பத்தினரிடையே அதில் கருத்து வேறுபாடு இருந்தது. 1999இல் பிங்க் மூன் பாடல் அமெரிக்காவில் ஒரு வோக்ஸ்வாகன் மகிழுந்து விளம்பரத்தில் ஒலித்தபின் அத்தொகுப்பின் விற்பனை பன்மடங்கு உயர்ந்தது.