பல்லாவரத்தில் கிடைத்த கல்



ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். அங்கே நிலவியல் படிக்கும் மாணவி ஒருவர் கணினியில் இணைய வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாறைகளின் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் கல்லைக் கையில் கொடுத்தால் இன்னதென்று சொல்ல வரவில்லை என்று வருந்தினார். அடுத்த வாரம் பல்லாவரத்துக்குக் களப்பயணம் போவதாகவும் சொன்னார். பல்லாவரம் என்றதும் நமக்கு இராபர்ட் புரூஸ் ஃபுட் நினைவுக்கு வந்தார்.

இவர் 1834 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தில் செல்டன்ஹாம் நகரில் பிறந்தவர். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அப்போது வயது 24. அவருக்கும் பாதிப் படிப்பு தொலைவிலிருந்துதான் வந்தது. பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய கற்களும் கிடைப்பதை 1859-இல் பிரெஸ்ட்விச், எவான்ஸ் என்னும் அறிஞர்கள் நேரில் கண்டு உறுதிசெய்தார்கள். அந்த ஆய்வுகளைப் படித்த ஃபுட், இங்கும் அப்படிப்பட்ட கற்கள் இருக்கலாமே என்று தேடத் தொடங்கினார்.

1863 மே 30 அன்று, பல்லாவரம் இராணுவ அணிவகுப்பு மைதானத்தில் சரளைக்காகத் தோண்டியிருந்த பள்ளத்தில் அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மனிதனின் கைக்கோடரி. எத்தனையோ பேர் மிதித்துக் கடந்த மண் அது. ஆனால் ஒற்றைக் கல்லை வைத்து என்ன சொல்ல முடியும்? நான்கு மாதங்கள் கழித்து, செப்டம்பர் 28 அன்று, தம் உடன்பணியாளர் வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றின் அருகே அத்திரம்பாக்கத்துக்குச் சென்றார். அங்கே கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. செம்புரைச் சரளை அடுக்குக்குள் கருவி புதைந்திருந்தால், அந்த அடுக்கு படிவதற்கு முன்பே அதைச் செய்தவன் வாழ்ந்திருக்க வேண்டும். வாதம் இவ்வளவு எளிது. ஆயினும், உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்று நம்பியிருந்த பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது.

நாம் குருமடத்தில் தொடக்கநூலைப் படித்தபோது, அதை நிலவியல் கால அட்டவணையாக வாசிக்கக் கூடாது என்றே கற்றோம். விவிலிய நூல்களின் இலக்கிய வகையை அறிந்து பொருள் கொள்ள வேண்டும் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943-ஆம் ஆண்டின் சுற்றுமடலில் தெளிவாகவே எழுதினார். எனினும் நம் பங்குகளில் இன்றும் சிலர் இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்கிறார்கள். தயங்க வேண்டியதில்லை. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் மீண்டும் அகழ்ந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். ஃபுட்டே இவ்வளவு எதிர்பார்த்திருக்க மாட்டார்!

அவர் நடந்த தூரம் வியப்பூட்டுவது. நெல்லைச் சீமையின் செந்நிறத் தேரி மணல்மேடுகள், கர்னூல் குகைகள், தார்வார்ப் பாறைகள் என அவர் கால்படாத இடம் குறைவு. ஆங்கிலத்தில் அவர் பெயருக்கே பாதம் என்றுதான் பொருள்! அவருடைய மாமனார் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய, பிற சபையைச் சேர்ந்த மறைப்பணியாளர் பீற்றர் பெர்சிவல். மாமனார் தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டினார். மருமகன் கற்களைத் திரட்டினார்.

ஃபுட் 1891-இல் ஓய்வுபெற்றார். பின்னர் ஏற்காட்டில் குடியிருந்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சேர்த்த தொல்பொருட்களைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கிக்கொண்டது. அவற்றின் விளக்கப்பட்டியல் அவர் இறந்த பின்னரே அச்சாகி வெளிவந்தது.

அந்த மாணவி பல்லாவரம் போய் வந்துவிட்டார். கொண்டுவந்த சிறு கல் சார்னோக்கைட் என்று தாமே கண்டு சொன்னார். நம் பரங்கிமலையும் அந்தப் பாறைதானாம். அடுத்து எழும்பூருக்குப் போய் ஃபுட் சேர்த்த கற்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; எனவே ஞாயிறு திருப்பலி முடிந்து மறைக்கல்விப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நாமும் உடன் செல்வதாக இருக்கிறோம்.